சங்கத்தின் பேரேடு எந்த அறையில் இருக்கிறது?

கூட்டுறவுச் சங்கமொன்றுக்குச் சொந்தக் கட்டடம் இல்லாதிருக்கலாம். வாடகைத் திண்ணையிலேயே அது பல்லாண்டு நன்கு நடைபெறலாம். மூலதனம் சிறிதாயிருக்கலாம், சிக்கனத்தால் அது வளரும். ஆனால் கணக்கில்லாத சங்கம் எங்கும் நிலைத்ததில்லை. ‘என் பங்கு இவ்வளவு, என் சேமிப்பு இவ்வளவு, நான் செலுத்த வேண்டிய கடன் இவ்வளவு’ என்று ஒவ்வோர் அங்கத்தினரும் ஐயமின்றி அறிந்துகொள்ளக் கூடிய நிலையே கூட்டுறவின் அடித்தளம். 1904-ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது முதல், தடித்த அட்டையிட்ட பேரேடுகளே அந்த நம்பிக்கையைச் சுமந்து வந்தன. அவற்றை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். பேரேடு எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று பேரேடு கணினிக்குள் புகுந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்காக 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு இசைவளித்தது. அதில் சேர்ந்த விவசாயிகளின் சங்கங்களுக்குப் பொதுவான மென்பொருள் ஒன்று உண்டு. நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் அடங்கா. நாம் பார்வையிடும் நெசவாளர் சங்கங்கள் பலவும், விளைபொருள் விற்பனைச் சங்கங்கள் சிலவும் தம் கைப்பொருளைக் கொண்டே கணினி வாங்கி, தமக்கென மென்பொருள் எழுதுவித்து, அங்கத்தினர் கணக்கை அதில் ஏற்றியிருக்கின்றன. இது பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் அக்கணினியின் உள்ளே பேரேடு எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், விடை கூறுவோர் அரிதாயிருக்கின்றனர்.

நாம் கண்ட நிகழ்ச்சி

சங்கத்தின் பெயரைக் குறிப்பிடுவது முறையன்று. இருநூறு தறிகளுக்கு மேல் ஓடும் நெசவாளர் சங்கம் அது. காரியதரிசி நேர்மையானவர், எழுத்தர் சுறுசுறுப்பானவர். ஒரு நாள் காலையில் கணினி எழும்ப மறுத்தது. நகரத்திலிருந்து பழுது பார்ப்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். இயங்குதளம் கெட்டுவிட்டது, புதிதாக நிறுவ வேண்டும் என்று அவர் கூறினார். “சி டிரைவில் முக்கியமானது ஏதேனும் இருக்கிறதா?” என்றும் முறையாகக் கேட்டார். “அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் மென்பொருளில் இருக்கிறது” என்று எழுத்தர் விடையளித்தார். பழுது பார்ப்பவர் சி டிரைவை முழுவதும் துடைத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவினார். மாலையில் கணினி புத்தம் புதிதாக எழுந்தது. அங்கத்தினர் கணக்கு மட்டும் அதில் இல்லை.

நாள்தோறும் பென் டிரைவில் நகல் எடுத்து வந்ததாக எழுத்தர் கூறினார். அதைச் செருகிப் பார்த்தபோது, உள்ளே இருந்தது மேசைத்திரையிலுள்ள சிறு படம் ஒன்றே. மென்பொருளைத் திறப்பதற்கான குறுக்குவழி அது. பெட்டியின் சாவியை நாள்தோறும் பத்திரமாக வைத்து, பெட்டியை மறந்துவிட்டார்கள்.

பங்குத் தொகை, கூலியில் பிடித்த சேமிப்பு, நூல் கொடுத்த கணக்கு, சேலை வரவு ஆகிய அனைத்தையும் அங்கத்தினர்களின் கைப்புத்தகங்களிலிருந்தும், பழைய ரசீதுகளிலிருந்தும், கூலிப் பட்டுவாடாத் தாள்களிலிருந்தும் மீண்டும் எழுத நேர்ந்தது. மூன்று மாதங்கள் சென்றன. அக்காலத்தில் ஓர் அம்மையார் சங்கத்துக்கு வந்தார். அவருடைய கணவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கத் தறியில் நெய்தவர். அவ்வாண்டு தைப் பொங்கலுக்குப் பின் காலமானவர். அவருடைய கைப்புத்தகம் மழையில் வீடு ஒழுகியபோது நனைந்து கூழாகிவிட்டதாம். “ஐயா, வாராவாரம் கூலியிலே பிடித்தார்களே, அது எங்கேயாவது எழுதியிருக்குமல்லவா?” என்று அவர் நம்மைக் கேட்டார். கணினி வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு காகிதப் பேரேட்டில் ஒரு சதம் குறையாமல் இருந்தது. கணினி வந்த பிந்தைய ஆண்டுகளுக்கே தாள் தாளாகத் தேட வேண்டியதாயிற்று. பெரும்பகுதி கிடைத்தது. பதினொரு மாதங்களின் கணக்கு இன்றளவும் கிடைத்தபாடில்லை.

குற்றம் பழுது பார்த்தவருடையதன்று, எழுத்தர் ஒருவருடையதுமன்று. அதற்கு முந்தைய ஆய்வின்போது நாமும் அக்கணினியிலிருந்து அச்சிட்டுத் தந்த ஐந்தொகையைச் சரிபார்த்து ஒப்பமிட்டோமேயன்றி, அந்த ஐந்தொகைக்கு ஆதாரமான கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டோமில்லை. அந்தக் குறையின் நினைவே இக்கட்டுரைக்குக் காரணம்.

தறியும் பாவும்

கணினியில் மூன்று பொருள்கள் உண்டென்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று இயங்குதளம், விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகை. இரண்டாவது, கணக்கைப் பெற்று ஒழுங்குபடுத்தி வைக்கும் தரவுத்தள மென்பொருள். மூன்றாவது, அங்கத்தினரின் கணக்காகிய தரவுக் கோப்புகள். முதலிரண்டும் தறி போன்றவை. மூன்றாவது தறியில் ஏறியிருக்கும் பாவு. தறி பழுதுபட்டால் தச்சரை அழைத்துச் செப்பனிடுகிறோம். வேறு தறியும் வாங்கலாம். அதற்காகப் பாவை அறுத்தெறிவாருண்டோ? இயங்குதளத்தையும் மென்பொருளையும் எந்த நாளிலும் மீண்டும் நிறுவிக் கொள்ளலாம். அங்கத்தினரின் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே அழியக் கூடியதையும் அழியக் கூடாததையும் ஒரே இடத்தில் வைத்தலாகாது. உண்ணும் நெல்லோடு விதைநெல்லைக் கலந்து கொட்டி வைக்கும் விவசாயி இல்லை. அதே விவேகந்தான், தரவுக் கோப்புகளைத் தனி டிரைவில் வைக்க வேண்டுமென்று நாம் கூறுவதற்கும் அடிப்படை. இதனால் வேறொரு நன்மையும் உண்டு. விண்டோஸின் புதுப்பிப்புகளும் இறக்கிய படங்களும் சி டிரைவை நிரப்பி, இடமின்றிக் கணக்கு வேலை நின்றுபோவது நாம் பல இடங்களில் கண்ட தொல்லை. கணக்குக்குத் தனி டிரைவ் இருந்தால் அத்தொல்லை அதை அணுகாது.

நாள்வழியும் பேரேடும்

உதாரணத்துக்கு, பல சங்கங்களுக்கு உகந்ததாகிய போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக் கொள்வோம். இது அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக் கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது. 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயர் பெற்றது. உலகெங்குமுள்ள வல்லுநர்கள் கூடி வளர்த்து வருவது. உரிமக் கட்டணம் கிடையாது. பலர் கூடி உழைத்து, பயனை அனைவருக்கும் பொதுவாக்கும் இம்முறை நமக்கு அந்நியமானதன்று.

இது கணக்கு வைக்கும் முறையை நம் பழைய கணக்கப்பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். நம் வழக்கத்தில் வரவு செலவை முதலில் நாள்வழியில் எழுதி, பிறகு ஓய்வாகப் பேரேட்டில் பெயர்த்தெழுதுவது உண்டல்லவா? போஸ்ட்கிரெஸும் அவ்வாறே செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ‘பிஜி_வால்’ என்னும் கோப்புறையில் எழுதிக் கொள்கிறது. பிறகே ‘பேஸ்’ என்னும் கோப்புறையிலுள்ள பேரேட்டில் ஏற்றுகிறது. நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால், மறுபடி எழும்போது நாள்வழியைப் படித்து, பேரேட்டில் ஏறாது விடுபட்டவற்றை ஏற்றிக் கொள்கிறது.

இந்த நாள்வழிக் கோப்புறைக்கு முன்னர் வேறு பெயர் இருந்தது. அப்பெயரில் ‘லாக்’ என்னும் சொல் இருந்தமையால், வேண்டாத குறிப்பென்று கருதி, இடம் மிச்சப்படுத்த அதை அழித்துக் கணக்கைக் கெடுத்துக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருந்தனர். அதனாலேயே 2017-இல் வெளியான பத்தாம் பதிப்பில் பெயர் மாற்றப்பட்டது. தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் எதையும், பொருள் விளங்கவில்லை என்பதற்காக எவரும் தொடக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அமைக்கும் முறை

முதலாவதாக, டிரைவ் உண்மையிலேயே தனியானதா என்று பார்க்க வேண்டும். ஒரே வட்டைப் பிரித்து சி என்றும் டி என்றும் பெயரிடுவது வழக்கம். அது ஒரே வீட்டுக்குள் தட்டி வைத்து இரண்டறையாக்குவது போன்றது. விண்டோஸை மீண்டும் நிறுவும்போது அத்தட்டி காக்கும். வட்டே பழுதானால் இரண்டறையும் சேர்ந்து வீழும். விண்டோஸிலுள்ள ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்னும் பகுதியைத் திறந்தால், ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்று இரு வரிசைகள் தோன்ற வேண்டும். ஒரு வரிசையே தோன்றினால் வட்டு ஒன்றே. கணினிக்குள் பொருத்தும் இரண்டாவது வட்டின் விலை, நடுத்தரமான ஒரு பட்டுச் சேலையின் விலையை எட்டாது. வெளியிலிருந்து செருகும் பென் டிரைவை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதை எவரேனும் பிடுங்கினால், எழுதிக் கொண்டிருக்கும் பேரேட்டைக் கையிலிருந்து பறித்தது போலாகும்.

இரண்டாவதாக, அந்த வட்டை என்.டி.எஃப்.எஸ். முறையில் வடிவமைக்க வேண்டும். இன்னார் திறக்கலாம், இன்னார் திறக்கலாகாது என்னும் உரிமைகளைக் கோப்புதோறும் குறித்து வைக்க அம்முறை இடமளிக்கிறது. பிறகு அதற்கு ‘டி’ என்பது போன்ற ஓர் எழுத்தைக் கொடுத்து, அதை மாற்றாதிருக்க வேண்டும். எழுத்து மாறினால் மென்பொருள் தன் பேரேட்டைக் காணாது நின்றுவிடும்.

மூன்றாவதாக, அவ்வட்டில் கோப்புறை ஒன்று அமைக்க வேண்டும். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி இருப்பது நலம். வட்டின் முகப்பையே தரவுக்கு இடமாகக் கொடுத்தலாகாது. இயங்குதளம் தன் மறைவுக் கோப்புகளை அங்கே வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் புதுக் கணக்குத் தொடங்கும்போது காலியான கோப்புறையையே கேட்கும்.

நான்காவதாக நிறுவும் வேலை. நிறுவும் நிரல் முதலில், மென்பொருளை எங்கே வைப்பது என்று கேட்கும். அதைச் சி டிரைவிலேயே விட்டுவிடலாம். பின்னர், தரவுக் கோப்புறை எது என்று தனியே கேட்கும். அங்கே அது தானாகக் காட்டுவது, மென்பொருள் இருக்கும் இடத்துக்குள்ளேயே ‘டேட்டா’ என்னும் உள்ளறை. நம்மவர் பெரும்பாலோர் வாசிக்காமல் ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்திச் செல்வது இந்த இடத்தில்தான். மேலே கூறிய சங்கத்தின் பேரேடு சி டிரைவில் விழுந்ததும் இந்த ஒரே அழுத்தத்தால்தான். அங்கே நிறுத்தி, டி டிரைவில் அமைத்த கோப்புறையைக் காட்ட வேண்டும். அடுத்துக் கேட்கும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். எழுத்தர் மாற்றலாகிப் போனாலும் சங்கம் திகைக்கலாகாது.

ஐந்தாவதாகச் சரிபார்த்தல். தரவுத்தளத்தின் கட்டளை வரியில் ‘ஷோ டேட்டா_டைரக்டரி’ என்று கேட்டால், தரவு இருக்கும் இடத்தை அதுவே தெரிவிக்கும். விடை டி டிரைவைக் காட்டினால் வேலை செவ்வனே முடிந்தது. அந்த வரியையும், மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். பதிப்பு எண் எதற்கெனில், பதினைந்தாம் பதிப்பு எழுதிய தரவுக் கோப்புறையைப் பதினாறாம் பதிப்பு அப்படியே திறந்து படிக்காது. விண்டோஸ் கெட்டு மீண்டும் நிறுவும் நாளில், அதே முதன்மைப் பதிப்பை நிறுவி, பழைய கோப்புறையைக் காட்டி, திறக்கும் உரிமையைச் சரி செய்தால் கணக்கு முன்போல் எழும்.

முன்னமே சி டிரைவில் கணக்கு வைத்திருப்போர் என் செய்வது? ஓடிக் கொண்டிருக்கும் கோப்புகளை இழுத்து மாற்ற முற்படுவது ஆபத்து. மாதக் கணக்கு முடித்த மறுநாள், ‘பிஜி_டம்ப்’ என்னும் கருவியால் முழுக் கணக்கையும் ஒரே கோப்பாக எடுத்துக் கொண்டு, டி டிரைவில் புதிய தரவுக் கோப்புறை அமைத்து அதில் ஏற்றுவதே எளிய வழி. ஏற்றிய பின், பங்குத் தொகை, சேமிப்பு, கடன் நிலுவை, கைரொக்கம் ஆகிய நான்கின் கூட்டுத் தொகையையும் பழையதோடு ஒப்பிட்டு, ஒரு பைசாவும் வேறுபடாமை கண்டு, நிர்வாகக் குழுவினர் இருவர் ஒப்பமிட வேண்டும். பழையதை உடனே அழிக்காமல் அடுத்த மாதக் கணக்கு முடியும் வரை வைத்திருப்பது நன்று.

தனி டிரைவ் நகலாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தனி டிரைவில் வைத்துவிட்டோம், இனி நகல் வேண்டா என்று எண்ணினால், முன்னிருந்த அபாயம் இடம் மாறியதேயன்றித் தீர்ந்ததாகாது. பேரேடு அப்போதும் ஒன்றே. இடி விழுந்தாலும், வெள்ளம் புகுந்தாலும், கணினியைத் திருடர் கொண்டு சென்றாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல் நுழைந்தாலும் இரு டிரைவும் ஒருங்கே போகும்.

ஆகவே நாள்தோறும் மாலையில் ‘பிஜி_டம்ப்’ கருவியால் எடுத்த நகல், கணினிக்கு வெளியே ஒரு வட்டில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடுத்த நகல், சங்கக் கட்டடத்துக்கு வெளியே, வங்கிப் பெட்டகம் போன்ற வேறோரிடத்தில் பூட்டியிருக்க வேண்டும். அதில் அங்கத்தினரின் சொந்த விவரங்கள் இருப்பதால், கண்டவர் கையில் அது சேரலாகாது. மென்பொருள் ஓடிக் கொண்டிருக்கும்போது தரவுக் கோப்புறையை அப்படியே பிரதி செய்வது நகலாகாது. எழுதிக் கொண்டிருக்கும் பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தால், முதற் பக்கம் காலையினதாகவும் கடைசிப் பக்கம் மாலையினதாகவும் இருக்குமன்றோ?

நகலைத் திறந்து பாராமல் நம்புவதும் பயனற்றது. மூன்று மாதத்துக்கொரு முறையேனும் அதை வேறொரு கணினியில் ஏற்றி, நான்கு கூட்டுத் தொகைகளையும் ஒப்பிட வேண்டும். மேற்கூறிய சங்கத்தில் ஒரே ஒரு முறை அவ்வாறு செய்திருந்தால், பென் டிரைவில் இருந்தது வெறும் சாவியே என்பது அன்றே வெளிப்பட்டிருக்கும்.

அங்கத்தினர்கள் கேட்க வேண்டியவை

இவையெல்லாம் படித்தவர்களின் வேலை, நமக்கென்ன என்று தறியிலிருப்போரும் ஏர் பிடிப்போரும் எண்ணலாகாது. கணக்கு அவர்களுடையது, கேட்கும் உரிமையும் அவர்களுடையதே. அடுத்த பொதுக் கூட்டத்தில் இலாபப் பங்கீட்டைப் பற்றிக் கேட்கும்போதே இவற்றையும் கேட்கட்டும்: நம் கணக்கு எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில் இருக்கிறது? அந்த டிரைவ் தனி வட்டா, தட்டி வைத்த அறையா? நேற்றைய நகல் எங்கே? கட்டடத்துக்கு வெளியே இருக்கும் நகல் யார் பொறுப்பில் உள்ளது? அதைக் கடைசியாக எந்தத் தேதியில் ஏற்றிப் பார்த்தீர்கள்?

ஐந்துக்கும் உடனே விடை கூறக் கூடிய காரியதரிசி பாராட்டுக்குரியவர். கூற இயலாதவரைக் கடிந்து கொள்ள வேண்டா. ஒரு மாதத் தவணை கொடுத்து, இரண்டாவது வட்டு வாங்க அக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றிக் கொடுங்கள். அங்கத்தினர்களும் தத்தம் கைப்புத்தகத்தை மாதந்தோறும் சங்கத்துக்குக் கொண்டு சென்று பதிவு செய்துகொள்ளட்டும். சோதனைக் காலத்தில் சங்கத்தைக் காப்பாற்றியது அந்தச் சிறு புத்தகமே.

நாம் இப்போது ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில், ஐந்தொகையைக் கையில் வாங்குவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டு, விடைகளை ஆய்வுக் குறிப்பின் முதற் பக்கத்திலேயே எழுதுகிறோம். அந்தப் பதினொரு மாதங்களின் கூலித் தாள்களை இன்னும் தேடி வருகிறோம். சங்கத்தின் பழைய பரணில் பிரிக்கப்படாத கட்டுகள் இரண்டு எஞ்சியிருக்கின்றன. அவ்வம்மையாருக்கு விடை சொல்ல வேண்டிய கடமை சங்கத்துக்கு மட்டுமன்று, நமக்கும் உண்டு.